உள்ளே இருப்பவற்றின் பங்கும் கணக்கும்
(திருவெறும்பூரில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில், இளைஞர்களுக்கென ஆற்றப்பெற்ற அறிவியல் உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா மேடையில் கழகம் கடந்து வந்த பாதையைப் பேசுவதே வழக்கம். அப்பணியை நமக்கு முன் பேசியவர்கள் செவ்வனே செய்துவிட்டனர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. அணுவின் கருவில் உள்ள புரோட்டானுக்குள் குவார்க்குகள் என்னும் நுண்துகள்கள் எவ்வாறு பங்கிட்டு அமைந்துள்ளன, அப்பங்கீட்டைக் கட்டுப்படுத்தும் விதிகள் யாவை என்பதே இவ்வுரையின் பொருள்.

இப்பொருளை அறிவித்தவுடன் நம் பெரியவர் ஒருவர், "இதனால் ஒரு படி அரிசி கிடைக்குமா?" என்று வினவினார். நியாயமான வினா. கிடைக்காது என்பதே நேர்மையான விடை. ஆயினும் பங்கு, கணக்கு, விதி என்னும் மூன்று சொற்களின் பொருளை நம் மக்களைவிட நன்கு உணர்ந்தவர் யார்? பங்கு குறைக்கப்பட்டவர்க்குத்தான் கணக்கின் அருமை தெரியும். "இதுவே விதி" என்று சொல்லப்பட்டு வாழ்ந்தவர்க்குத்தான் எது உண்மையான விதி, எது வெறும் வழக்கம் என்று பிரித்தறிய வேண்டிய தேவை இருக்கும். அப்பிரித்தறிதலையே தன் அன்றாடத் தொழிலாகக் கொண்ட ஓர் அறிவியல் துறையைப் பற்றிச் சிறிது நேரம் பேசுவோம். எறும்பின் பெயரைத் தாங்கிய இவ்வூர், நுண்மையைப் பற்றிப் பேசுவதற்குப் பொருத்தமான ஊரும் ஆகும்.

வெட்டாமல் உள்ளே பார்த்தல்

நம் ஊரில் உள்ள பாய்லர் பிளாண்டை அறியாதவர் இங்கே இலர். நம் குடும்பங்கள் பலவற்றில் அங்கோ, அதைச் சார்ந்த துவாக்குடிப் பட்டறைகளிலோ வெல்டிங் வேலை செய்தவர் ஒருவரேனும் இருப்பர். உயர் அழுத்த நீராவியைத் தாங்க வேண்டிய குழாயின் இணைப்பு உள்ளே முழுமையாக ஒட்டியிருக்கிறதா என்று எப்படி அறிவது? வெட்டிப் பார்த்தால் இணைப்பே போய்விடும். எனவே ஒரு பக்கம் எக்ஸ் கதிரையோ, இரிடியம் 192 என்னும் கதிரியக்கப் பொருளின் காமாக் கதிரையோ வைத்து, மறுபக்கம் படச்சுருளை வைக்கின்றனர். உள்ளே காற்றுக்குமிழோ கசடோ இருந்தால் அவ்விடத்தில் கதிர் அதிகம் ஊடுருவிப் படத்தில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். "ஜாயிண்டு பொய் சொல்லலாம், பிலிம் பொய் சொல்லாது" என்று ஒரு வெல்டர் தம்பி நம்மிடம் சொன்னதுண்டு.

நுண்துகள் அறிவியலின் வழியும் இதுவேயாகும். ஒன்றன்மீது ஒன்றை எறிந்து, சிதறி வருவதைக் கொண்டு உள்ளே இருப்பதை அறிவது. இங்கிருந்து சில கல் தொலைவில் உள்ள திருவானைக்காவலில் 1888-ஆம் ஆண்டு பிறந்த சர் சி. வி. இராமன், 1928-இல் கண்டதும் சிதறலே. ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது அதன் நிறத்தில் ஏற்படும் மிகச்சிறு மாற்றம், அப்பொருளின் மூலக்கூறுகள் உள்ளே எவ்வாறு அதிர்கின்றன என்பதைச் சொல்லிவிடுகிறது. அதற்கு முன்னரே, ரூதர்போர்டு 1911-இல், தங்கத் தகட்டின்மீது எறியப்பட்ட ஆல்ஃபாத் துகள்களில் சில திரும்பி வந்ததைக் கொண்டு, அணுவின் நடுவே கரு ஒன்று இருப்பதை நிறுவினார்.

அக்கருவில் உள்ளவை புரோட்டானும் நியூட்ரானும். இவ்விரண்டையும் சேர்த்து அணுக்கருத் துகள்கள் என்போம். ஒரு மில்லிமீட்டரை லட்சம் கோடிப் பங்காக்கினால், அதில் ஏறத்தாழ இரண்டு பங்கே புரோட்டானின் குறுக்களவு. இதனுள்ளும் ஏதேனும் இருக்கிறதா? 1964-இல் முர்ரே கெல்மான், ஜார்ஜ் சுவைக் ஆகிய இருவரும் தனித்தனியே, இருக்கிறது என்னும் கருத்தை முன்வைத்தனர். அவற்றிற்குக் குவார்க்கு என்னும் பெயரைக் கெல்மான் இட்டார். புரோட்டானில் இரண்டு மேல் குவார்க்கும் ஒரு கீழ் குவார்க்கும், நியூட்ரானில் ஒரு மேல் குவார்க்கும் இரண்டு கீழ் குவார்க்கும் உள்ளன.

மேல், கீழ் என்றதும் உங்களில் சிலர் புன்னகைப்பது தெரிகிறது. இவை வெறும் அடையாளப் பெயர்களே. இவற்றில் உயர்வு தாழ்வு இல்லை. சொல்லப்போனால் இவ்விரண்டில் நிறை கூடியது கீழ் குவார்க்குத்தான்.

எலெக்ட்ரானின் மின்னூட்டத்தின் அளவை 1 என்று கொண்டால், மேல் குவார்க்கின் மின்னூட்டம் 2/3. கீழ் குவார்க்கினது எதிர்மறை 1/3. கூட்டிப் பாருங்கள். 2/3-உம் 2/3-உம் சேர்ந்து 4/3. அதில் 1/3 கழிய, புரோட்டானுக்கு 1. நியூட்ரானுக்குப் பூச்சியம். கணக்குச் சரி.

ஆனால் தாளில் சரியாகும் கணக்கு, இயற்கையிலும் சரியாக வேண்டுமே! அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு என்னுமிடத்தில் இரண்டு மைல் நீளமுள்ள நேர்கோட்டு முடுக்கியில் எலெக்ட்ரான்களை விரைவுபடுத்திப் புரோட்டான்மீது எறிந்தனர். 1967 முதல் நடந்த அச்சோதனைகளில், எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான எலெக்ட்ரான்கள் பெருங்கோணத்தில் தெறித்தன. உள்ளே கடினமான சிறு பொருள்கள் இருந்தாலன்றி இது நிகழாது. இதற்காக ஃப்ரீட்மன், கெண்டல், டெய்லர் ஆகிய மூவர்க்கும் 1990-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

களத்துமேட்டுக் கணக்கு

உள்ளே குவார்க்குகள் உள்ளன என்றால், அவை ஒவ்வொன்றும் புரோட்டானின் உந்தத்தில் எத்தனை பங்கைச் சுமக்கின்றன? இதனை ஒரே எண்ணால் சொல்ல இயலாது. ஒரு நேரம் ஒரு குவார்க்கு பத்தில் ஒரு பங்கைச் சுமந்திருக்கும். மற்றொரு நேரம் பாதியையே சுமந்திருக்கும். எந்த அளவு பங்கைச் சுமப்பவை எத்தனை என்று சொல்லும் பட்டியலையே அறிஞர்கள் குவார்க்குப் பங்கீடு என்கின்றனர்.

நெல் அறுவடை முடிந்த களத்துமேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மரக்கால் பெற்ற வீடுகள் எத்தனை, இரண்டு மரக்கால் பெற்றவை எத்தனை, ஒரு படியோடு நின்றவை எத்தனை என்று எழுதினால் அதுவும் ஒரு பங்கீட்டுப் பட்டியலே. எழுத்தறியாத நம் பாட்டிமார் கட்டுக்குக் கட்டு சுவரில் கரிக்கோடு இழுத்து வைத்திருந்தனர். நெல் குவிந்திருந்த களத்திற்குள் அவர்கள் செல்ல முடியாத காலம் அது. ஆயினும் அறுத்த கட்டு இத்தனை, ஆதலால் நெல் இவ்வளவு இருந்தாக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். வெளியே நின்றவாறே உள்ளே இருக்க வேண்டியதைக் கணக்கினால் அறிந்தவர்கள் அவர்கள்.

புரோட்டானுக்கு வெளியே நிற்கும் அறிஞரின் நிலையும் அதுவே. பங்கீட்டின் முழு வடிவத்தைக் கணிதத்தால் முழுமையாக வருவித்தல் மிகக் கடினம். குவார்க்குகளைப் பிணைக்கும் வலுவிசை அத்துணைச் சிக்கலானது. ஆனால் பட்டியல் எப்படி இருந்தாலும் அதன் கூட்டுத்தொகை இன்னதாகவே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட முடியும். இவற்றிற்குக் கூட்டல் விதிகள் என்று பெயர்.

முதல் விதி எண்ணிக்கை விதி. புரோட்டானுக்குள் மூன்று குவார்க்குகள் மட்டும் இருப்பதில்லை. குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் இணையிணையாக ஒவ்வொரு நொடியும் தோன்றி மறைந்துகொண்டிருக்கின்றன. இவற்றைக் கடல் குவார்க்குகள் என்பர். இவை எத்தனை தோன்றினாலும் இணையாகவே தோன்றுவதால், மேல் குவார்க்குகளின் எண்ணிக்கையிலிருந்து மேல் எதிர்க்குவார்க்குகளைக் கழித்தால் எப்போதும் 2. கீழ் குவார்க்கில் அவ்வாறு கழித்தால் எப்போதும் 1. கைமாற்றாக வாங்கியதும் திருப்பிக் கொடுத்ததும் ஏட்டில் எத்தனை வரிகள் இருந்தாலும் கைமுதல் மாறாததைப் போன்றது இது. இவ்விதியிலிருந்து 1969-இல் கிராஸ், லெவலின் ஸ்மித் ஆகியோர் நியூட்ரினோச் சிதறலுக்கு ஒரு கூட்டல் விதியை வருவித்தனர். கூட்டுத்தொகை 3 ஆக வேண்டும், வலுவிசையால் சிறிது குறையலாம் என்பது அதன் சாரம். ஜெனிவாவில் உள்ள செர்ன் நிலையத்திலும் பின்னர்ப் பிற இடங்களிலும் அளந்தபோது, 3-ஐ ஒட்டிய எண்ணே கிடைத்தது.

இரண்டாவது விதி உந்த விதி. உள்ளே இருக்கும் அனைத்தும் சுமக்கும் பங்குகளைக் கூட்டினால் சரியாக 1 வர வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. 1970-களின் தொடக்கத்தில் குவார்க்குகள், எதிர்க்குவார்க்குகள் அனைத்தின் பங்கையும் கூட்டிப் பார்த்தனர். ஏறத்தாழப் பாதிதான் வந்தது!

இத்தகைய இடத்தில்தான் விதியின் வலிமை புலப்படும். "அளவையில் பிழை இருக்கும்" என்று ஒதுக்கிவிடவில்லை. கணக்கு இடித்தால், கணக்கில் வராத ஒருவர் இருக்கிறார் என்பது பொருள். அந்த மற்றப் பாதியைச் சுமப்பவை குளுவான்கள். குவார்க்குகளைச் சிதறாமல் பிணைத்து வைத்திருப்பவை அவையே. அவற்றிற்கு மின்னூட்டம் இல்லை. எலெக்ட்ரானோ மின்னூட்டத்தை மட்டுமே காணும். ஆதலால் சுமையில் பாதியைச் சுமந்தும், வீட்டையே கட்டிக் காத்தும், அவை ஏட்டில் இடம்பெறவில்லை. 1979-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நடந்த சோதனைகளில்தான் குளுவானின் நேரடித் தடயம் கிடைத்தது. கணக்கு முன்னரே சொல்லிவிட்டதைக் கண் பின்னர்க் கண்டது.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். எவ்வளவு நுணுக்கமாக உள்ளே பார்க்கிறோமோ, அவ்வளவுக்கு மிகச்சிறு பங்கைச் சுமக்கும் கடல் குவார்க்குகளும் குளுவான்களும் மேன்மேலும் தென்படும். பட்டியலே மாறும். அது மாறும் முறையை 1972-இல் லெனின்கிராடில் கிரிபோவ், லிபாட்டோவ் ஆகியோரும், 1977-இல் டோக்ஷிட்சரும், இத்தாலிய அறிஞர்கள் ஆல்டரெல்லி, பரீசி ஆகியோரும் வகுத்தனர். பட்டியல் மாறினும் மேற்சொன்ன கூட்டுத்தொகைகள் மாறுவதில்லை.

பூச்சியத்திற்குக் கீழே பங்கு இல்லை

கூட்டுத்தொகையைச் சொல்லும் விதிகளோடு, எல்லையைச் சொல்லும் விதிகளும் உள. இவற்றின் அடிப்படை மிக எளியது. எந்தப் பங்கும் பூச்சியத்திற்குக் கீழே போகாது. அவ்வளவே. இந்த ஒரு வரியிலிருந்து எவ்வளவு பெற முடியும் என்பதைக் கரும்பலகை இல்லாமலே காட்டுவோம். பத்தாம் வகுப்பு மாணவர்கள் வீட்டிற்குச் சென்று தாளில் போட்டுப் பார்க்கலாம்.

எலெக்ட்ரான் ஒரு குவார்க்கைக் காணும் அளவு, அதன் மின்னூட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 2/3-இன் வர்க்கம் 4/9. 1/3-இன் வர்க்கம் 1/9. அதாவது மேல் குவார்க்கை நான்கு மடங்கு தெளிவாகவும், கீழ் குவார்க்கை ஒரு மடங்காகவும் காணும். புரோட்டானில் ஒரு குறிப்பிட்ட பங்கைச் சுமக்கும் மேல் குவார்க்குகள் அ, கீழ் குவார்க்குகள் இ என்க. புரோட்டானின் சிதறல் நான்கு அ கூட்டல் இ. நியூட்ரானில் மேலும் கீழும் இடம் மாறியிருப்பதால், அதன் சிதறல் அ கூட்டல் நான்கு இ. இப்போது நியூட்ரானின் சிதறலைப் புரோட்டானின் சிதறலால் வகுத்தால் என்ன வரும்? இ பூச்சியமானால் 1/4. அ பூச்சியமானால் 4. அ, இ ஆகிய இரண்டும் பூச்சியத்திற்குக் கீழே போக இயலாதாதலால், விடை எப்போதும் 1/4-க்கும் 4-க்கும் இடையிலேயே இருந்தாக வேண்டும். கடல் குவார்க்குகளைச் சேர்த்தாலும் இவ்வெல்லை மீறப்படாது.

இவ்வெல்லையை 1972-இல் நாக்ட்மன் என்னும் அறிஞர் வெளியிட்டார். ஸ்டான்ஃபோர்டில் அளந்தபோது, பெரும்பங்கைச் சுமக்கும் குவார்க்குகளிடத்தில் இவ்விகிதம் இறங்கிக்கொண்டே வந்தது. ஆயினும் 1/4-ஐத் தாண்டிக் கீழே செல்லவில்லை. 2022-இல் வெளிவந்த ஜெஃபர்சன் ஆய்வகத்தின் அளவையும் இவ்வெல்லைக்குள்ளேயே அமைந்தது. கூட்டலும் வகுத்தலும் அறிந்த ஒருவர் எழுதிய எல்லையை, பெரும்பொருட்செலவில் அமைந்த எந்திரங்கள் ஐம்பது ஆண்டுகளாகச் சோதித்தும் தாண்ட இயலவில்லை.

குவார்க்குகள் தற்சுழற்சி உடையவை. புரோட்டான் சுழலும் திசையிலேயே சுழல்பவை சில, எதிர்த்திசையில் சுழல்பவை சில. இவ்விரண்டின் வித்தியாசம், இவ்விரண்டின் கூட்டுத்தொகையை விஞ்ச முடியாது. நூறு பேர் அமர்ந்த கூட்டத்தில் ஆதரிப்பவர்க்கும் எதிர்ப்பவர்க்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு மேல் போகாதல்லவா? இதனினும் நுட்பமான ஓர் எல்லையை 1995-இல் ழாக் சோஃபர் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டார். புரோட்டானின் சுழற்சி அதன் ஓட்டத்திற்குக் குறுக்காக அமையும்போது ஏற்படும் பங்கீட்டை அளப்பது மிக அரிது. அதனை அளக்கும் முன்னரே, மற்ற இரு பங்கீடுகளைக் கொண்டு அதன் உச்ச அளவை அவர் வரையறுத்துவிட்டார்.

விதியும் வழக்கமும்

இதுவரை கூறியவை இயற்கையின் அடிப்படையிலிருந்து வந்த விதிகள். இனிச் சொல்லப்போவதே இவ்வுரையின் நடுநாயகமான செய்தியாகும். இளைஞர்கள் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டுகிறோம்.

1967-இல் குர்ட் காட்ஃபிரீடு என்பவர் புரோட்டான், நியூட்ரான் ஆகியவற்றின் சிதறல் வேறுபாட்டைக் குறித்து ஒரு கூட்டல் விதியைத் தந்தார். அக்கூட்டுத்தொகை 1/3, அதாவது சுமார் 0.33 ஆக வேண்டும். பார்ப்பதற்கு எழிலான எண். பலரும் அதனை விதியாகவே கொண்டனர். 1991-இல் செர்ன் நிலையத்தில் மியூவான்களைக் கொண்டு நுட்பமாக அளந்தனர். கிடைத்த விடை சுமார் 0.24.

அப்படியானால் இயற்கையின் விதி உடைந்துவிட்டதா? இல்லை. 1/3 என்னும் விடை வருவதற்கு ஓர் எடுகோள் தேவைப்பட்டது. கடலில் மேல் எதிர்க்குவார்க்கும் கீழ் எதிர்க்குவார்க்கும் சம அளவில் இருக்கும் என்பதே அந்த எடுகோள். இயற்கை அவ்வாறு எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை. நாம்தான் அவ்வாறு இருக்கும் என்று வைத்துக்கொண்டோம். உண்மையில் கீழ் எதிர்க்குவார்க்குகளே கூடுதல். புரோட்டான் சில நேரம் நியூட்ரானாகவும், அதனைச் சூழ்ந்த நேர்மின் பையானாகவும் பிரிந்து கூடுகிறது. அப்பையானுக்குள் ஒரு கீழ் எதிர்க்குவார்க்கு உள்ளது. இதுவே சமமின்மைக்குக் கூறப்படும் முதன்மையான காரணங்களில் ஒன்று. 1998-இல் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகம் வேறு வழியில் அளந்து இச்சமமின்மையை உறுதி செய்தது. 2021-இல் அங்கேயே நடந்த மற்றொரு சோதனையும் கீழ் எதிர்க்குவார்க்குகளின் மிகுதியையே காட்டியது.

இதனோடு ஒப்பிட மற்றோர் இணையைக் காணுங்கள். தற்சுழற்சி பற்றி இரண்டு விதிகள் சொல்லப்பட்டன. ஒன்று, 1966-இல் பியார்க்கன் கூறியது. புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றியது. அது அடிப்படைச் சமச்சீர்மையை மட்டுமே நம்பியது. தனித்த நியூட்ரான் ஏறத்தாழக் கால் மணி நேரத்தில் சிதைந்து புரோட்டானாவதை நாம் அறிவோம். அந்த நிதானமான சிதைவில் அளக்கப்படும் ஓர் எண்ணே, பேராற்றல் சிதறலின் கூட்டுத்தொகையையும் தீர்மானிக்கும் என்றது அவ்விதி. மற்றொன்று, 1974-இல் எல்லிஸ், ஜாஃபே ஆகியோர் புரோட்டானுக்கெனத் தனியே கூறியது. அதற்குச் சமச்சீர்மையோடு கூடுதலான ஓர் எடுகோளும் வேண்டியிருந்தது. கடலில் உள்ள விந்தைக் குவார்க்குகளின் சுழற்சிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்பதே அது.

1988-இல் செர்ன் நிலையத்தின் ஐரோப்பிய மியூவான் குழு வெளியிட்ட முடிவு உலகையே திகைக்க வைத்தது. எல்லிஸ், ஜாஃபே விதி பொய்த்தது. புரோட்டானின் சுழற்சியில் குவார்க்குகளின் பங்கு மிகச் சிறிதே என்று தெரிந்தது. பின்வந்த அளவைகள் அப்பங்கினை ஏறத்தாழ முப்பது விழுக்காடு என்று திருத்தியுள்ளன. எஞ்சியது குளுவான்களின் சுழற்சியிலும், உள்ளே அவை சுற்றிவரும் இயக்கத்திலும் உள்ளது. அதனை இன்னும் துல்லியமாக அளப்பதற்கென்றே அமெரிக்காவின் புரூக்ஹேவனில் எலெக்ட்ரானையும் அயனியையும் மோதவிடும் புதிய எந்திரம் திட்டமிடப்பட்டுள்ளது. இந்தியக் கல்வி நிறுவனங்கள் சிலவும் அம்முயற்சியில் இணைந்துள்ளன. பியார்க்கன் விதியோ, வலுவிசைத் திருத்தத்தைச் சேர்த்துப் பார்த்தபோது அளவையோடு பொருந்தி நின்றது, இன்றும் நிற்கிறது.

இரண்டும் நூல்களில் விதி என்றே எழுதப்பட்டன. இரண்டும் ஒரே வகைக் கணிதத்தில் எழுதப்பட்டன. ஒன்று நின்றது, ஒன்று வீழ்ந்தது. ஏன்? முன்னது தனக்கு வேண்டியதை மட்டும் நம்பியது. பின்னது, "அப்படித்தான் இருக்கும்" என்பதையும் சேர்த்துக்கொண்டது. எல்லிஸும் ஜாஃபேயும் தம் எடுகோளை மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதனை வெளிப்படையாக எழுதியிருந்ததால்தான், விதி பொய்த்தபோது எந்த இடத்தில் பிழை என்று உடனே தேட முடிந்தது.

நம் நாட்டவர் எழுப்பிய வினா

இவையெல்லாம் வெளிநாட்டார் செய்தவை என்று எண்ணிவிட வேண்டாம். குவார்க்குகளின் மின்னூட்டம் 2/3, 1/3 என்று பின்னமாக இருப்பானேன், முழு எண்ணாக இருக்கலாகாதா என்னும் வினா ஒரு காலத்தில் வலுவாக எழுந்தது. 1965-இல் ஹான், நம்பு ஆகியோர் அத்தகைய ஏற்பாட்டைக் கூறினர். ஒடிசாவைச் சேர்ந்த ஜோகேஷ் பதியும், பாகிஸ்தானின் அப்துஸ் சலாமும் 1970-களில் அதனை வளர்த்தனர்.

சோதனை என்ன சொன்னது? பின்ன மின்னூட்டமானால் 4/9, 1/9 ஆகியவற்றின் சராசரி 5/18. எலெக்ட்ரான் சிதறலையும் நியூட்ரினோச் சிதறலையும் ஒப்பிட்டபோது 5/18-ஐ ஒட்டியே விடை வந்தது. முழு எண் மின்னூட்டமானால், பேராற்றலில் அது 1/2 ஆகியிருக்க வேண்டும் என்று கருதப்பட்டது. ஆகவே முழு எண் கொள்கை முடிந்தது என்றனர் பலர்.

அப்போது மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஜி. இராஜசேகரன், புரோபீர் ராய் ஆகிய இருவரும், 1975-இல் பிரமாணா என்னும் நம் நாட்டு ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். முழு எண் கொள்கையைக் குளுவான்களோடு சேர்த்து முறையாகக் கணக்கிட்டால், கூடுதலாக வர வேண்டிய பகுதி பேராற்றலில் அடங்கிப்போகும்; அப்போதும் விடை 5/18-ஐ ஒட்டியே வரும் என்று அவர்கள் காட்டினர். அதாவது, அந்தச் சோதனை ஒன்றைக் கொண்டு மட்டும் இக்கொள்கையைத் தள்ளிவிட இயலாது. இன்று பின்ன மின்னூட்டமே ஏற்கப்பட்ட கொள்கையாகும். ஆனால் சான்று எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்துக் காட்டிய அவ்வுழைப்பு மதிப்பு இழந்துவிடவில்லை. இராஜசேகரன் அவர்கள் பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றினார். 1962-இல் அல்லாடி இராமகிருஷ்ணன் முயற்சியால் தோன்றிய அந்நிறுவனம், இத்துறையில் தமிழ்நாட்டின் முதன்மையான இடங்களுள் ஒன்று.

இத்தகைய ஆராய்ச்சிக்கு முதலில் வேண்டியவை தாளும் எழுதுகோலும் அஞ்சாத மனமுமே. இரண்டு மைல் நீள முடுக்கி நம்மிடம் இல்லை. ஆனால் அந்த முடுக்கி எதைக் காண முடியும், எதைக் காண இயலாது என்று இங்கிருந்தபடியே வரையறுக்க முடியும்.

நாமே இட்ட வேலி

இறுதியாக ஒன்று. இது மகிழ்ச்சியோடு சொல்லும் செய்தி அன்று. வெள்ளி விழா என்பது கணக்குப் பார்க்கும் நாளும் ஆதலால், மறைக்காமல் சொல்ல வேண்டியதாகிறது.

பல ஆண்டுகளுக்கு முன், நம் மாலை வகுப்பில் பயின்ற மாணவர் ஒருவர் கணிதத்தில் மிகச் சிறந்து விளங்கினார். இயற்பியல் பட்டப்படிப்பில் சேர வேண்டும் என்று விரும்பினார். நாமே அவரை அழைத்து, "தம்பி, அதெல்லாம் நமக்குச் சரிப்படாது, ஐ.டி.ஐ.-யில் சேர், கையில் தொழில் இருக்கும்" என்று அறிவுரை கூறினோம். நல்லெண்ணத்தோடுதான் கூறினோம். அவர் தந்தையார்க்கும் அதுவே சரியெனப் பட்டது. அவர் ஐ.டி.ஐ.-யில் சேர்ந்து சிறந்த வெல்டரானார். வீடு கட்டினார், தங்கைக்கு மணம் முடித்தார். அத்தொழிலும் குறைந்தது அன்று. "பிலிம் பொய் சொல்லாது" என்று நமக்குச் சொன்னவர் அவரே. சென்ற முறை விடுமுறையில் வந்திருந்தபோது, தம் மகளின் பதினோராம் வகுப்பு இயற்பியல் நூலை இரவெல்லாம் தாமே படித்ததாகச் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது நம் நெஞ்சில் தைத்தது.

"நமக்குச் சரிப்படாது" என்பது விதியா, எடுகோளா? யார் அதனைச் சோதித்தார்கள்? எந்த அளவையில் அது மெய்ப்பட்டது? கிழக்கு வங்காளச் சிற்றூர் ஒன்றில், சிறு மளிகைக் கடைக்காரரின் மகனாக 1893-இல் பிறந்த மேகநாத் சாகா, மாணவப் பருவத்தில் விடுதியில் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர். அவரே 1920-இல் விண்மீன்களின் ஒளியிலிருந்து அவற்றின் வெப்பநிலையை அறிய வழிசெய்யும் சமன்பாட்டை உலகிற்கு அளித்தார். அந்த ஒரு சான்று போதும், அந்த எடுகோள் வீழ்வதற்கு. பிறர் நமக்கு இட்ட வேலிகளை எதிர்த்து இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்த கழகம், தானே ஒரு வேலியை இட்டுவிட்டதையும் இன்று ஏட்டில் பதிந்து வைப்போம்.

ஒவ்வொருவரும் நுண்துகள் அறிஞராக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வீட்டு நிலையும் கடனும் விதிகளே. அவற்றை இல்லையென்று சொல்வது பொய். கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டாது என்பதை நம் தாய்மார் நன்கறிவர். ஆனால் உங்கள்முன் ஒரு தடை வைக்கப்படும்போது, நாக்ட்மனைப் போல், சோஃபரைப் போல், இராஜசேகரனைப் போல் கேளுங்கள். இது எதிலிருந்து வருகிறது? இதில் எது தவிர்க்க முடியாதது? எது, "அப்படித்தான் இருக்கும்" என்று எவரோ சேர்த்துக்கொண்டது? முன்னதற்குள் நின்று வழி காணுங்கள். பின்னதை அளந்து பாருங்கள், வீழ்ந்தாலும் வீழும்.

நம் கழகத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒரே வேண்டுகோள். மாலை வகுப்பில் கணிதத்திற்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தேர்வுக்கான கணிதம் போக, கேள்வி கேட்கும் கணிதமும் அதில் இருக்கட்டும். அடிப்படை அறிவியலில் சேர விரும்பும் மாணவரோ மாணவியோ வந்தால், அவர் குடும்பத்தின் மூன்றாண்டுச் செலவை எவ்வாறு பகிர்ந்து தாங்குவது என்று முதலில் கணக்குப் போடுங்கள். அறிவுரையைப் பின்னர்ச் சொல்லலாம்.

சுவரில் கரிக்கோடு இழுத்த பாட்டியின் பேத்திகள் இந்தக் கூட்டத்தில் அமர்ந்திருக்கின்றனர். கணக்கு நமக்குப் புதியதன்று. ஏடுதான் புதிது.